பூச்சுப் போட்ட தந்தி

எங்கள் மெல்லிசைக் குழுவில் அவனுக்குக் 'கைக்குட்டை' என்று பெயர். கை அப்படி வியர்க்கும். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பான், மாலையில் எலக்ட்ரிக் கிடார் வாசிப்பான். இரண்டு இடத்திலும் முதல் வேலை கையைத் துடைப்பது. நான் அதே குழுவில் இரண்டாவது கிடார். என் கை காய்ந்த விறகு. இந்தக் கையை வைத்துக்கொண்டு அவனுக்கு யோசனை சொன்னேனே என்று நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அவன் வியர்வை பட்டால் புதுத் தந்தி மூன்றாம் நாளே கறுத்துச் சத்தம் செத்துவிடும். அதனால் கச்சேரி அன்று மத்தியானம் ஆறு தந்தியையும் மாற்றுவான். அங்கேதான் வம்பு. புதுத் தந்தி நாலு நாள் வாசித்துப் பழகும்வரை தளர்ந்துகொண்டே இருக்கும். மூன்றாவது பாட்டுக்குள் சுருதி இறங்கிவிடும். குழுத் தலைவருக்கு இந்த விளக்கமெல்லாம் ஆகாது. "அடுத்த கச்சேரியிலயும் சுருதி போச்சுன்னா நீ வர வேண்டாம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் இருவரும் இசைக்கருவிக் கடைக்குப் போனோம். அவனாகவே எங்கோ விசாரித்து, பூச்சுப் போட்ட தந்தி ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டான்.

"இதுல வியர்வை உள்ள போகாதுங்க" என்றார் கடைக்காரர். "உங்க கைக்கே ஒரு மாசம் தாங்கும். கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னாடியே மாட்டிடலாம்."

என் வாய் சும்மா இருக்குமா? "என்னடா, ஸ்ட்ரிங்குக்கு மழைக்கோட்டா? அப்படியே குடையும் ஒண்ணு வாங்கிடு" என்றேன். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான், காதெல்லாம் சிவந்துபோய். "சத்தம் மங்கிடும்டா" என்று பெரிய மேதாவி மாதிரி வேறு சொன்னேன். கொஞ்சம் மங்கும்தான். மேடையில் டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே அது எந்த மகராசனுக்குக் கேட்கப்போகிறது? அவன் பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சாதாரணத் தந்தியை வாங்கிக்கொண்டான். விளையாட்டு வினையாயிற்று.

கச்சேரியில் அவன் தனியாக வாசிக்கும் இடத்திலேயே சுருதி இறங்கியது. தலைவர் மேடைக்குப் பின்னால் வந்து, "உனக்குக் காது இல்லப்பா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். குறை காதில் இல்லை, தந்தியில் என்று எனக்குத் தெரியும். சொன்னால், நல்ல தந்தியைத் திரும்ப வைக்கச் செய்தது யார் என்றும் சொல்ல வேண்டும். ஊமையாக நின்றேன். அடுத்த வாரம் அவன் இடத்தில் நான் வாசித்தேன். அவன் கிடாரையே விட்டுவிட்டான்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் என் கண்ணாடியை வாங்க அவன் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடம் விட்டு அவன் மகள் வந்தாள். பாட்டுப் போட்டியாம்.

"சித்தப்பா, நீங்களாவது கேட்டு சொல்லுங்க. அப்பா கேக்கவே மாட்டேங்கறார்."

"எனக்குக் காது கிடையாதும்மா" என்றான் அவன், லென்ஸிலிருந்து தலையைத் தூக்காமல். மணி ஆறு ஆச்சு என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

அவள் பாடினாள். நாலாவது வரியில் குரல் இம்மியளவு இறங்கியது. நான் கவனிப்பதற்குள் அவன் புருவம் சுருங்கிவிட்டது.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. குழந்தை முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். கடையில் அடித்த கிண்டல், அன்று மேடைக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். "உன் காதுல ஒரு குறையும் இல்லடா. என்னாலதான் போச்சு."

அவன் சிரித்தான்.

"இவ்வளவு நாள் கழிச்சும் எனக்கு ஆறுதல் சொல்லணும்னு தோணுதே உனக்கு."

"ஆறுதல் இல்லடா, நிஜம்."

"சரி சரி" என்றான். பிறகு மகளைப் பார்த்து, "சித்தப்பா ரொம்ப நல்லவரும்மா. பாட்டுல எங்க தப்புன்னு அவர்கிட்டயே கேட்டுக்கோ" என்றான்.