எஸ்தர் விடாமல் எழுதிய அளவு

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரித் தொலைபேசியில் எஸ்தரின் தம்பி பேசினார். “எங்கக்கா நம்மள உட்டுப்போட்டுப் போயிருச்சுங்க” என்றார். ஆய்வகத்தில் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்களின் மகள் எஸ்தர். பீளமேட்டில் எங்கள் கல்லூரிக்கு ஆராய்ச்சி செய்ய வந்தது தொண்ணூற்று மூன்றில். அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கறுப்புக் குடை நினைவிருக்கும். மார்கழியிலும் விரித்துத்தான் நடப்பார். நாங்கள் கேலி செய்வோம், சிரித்துக்கொள்வார்.

டி.என்.ஏ. புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதே அவரது ஆராய்ச்சி. கரைசலைச் சூடாக்கினால் பின்னியிருக்கும் இரண்டு இழைகளும் பிரியும், உறிஞ்சும் அளவு ஏறும். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எஸ்தர் டி.என்.ஏ.வை மெல்லிய படலமாக உலர்த்தி, சூடே காட்டாமல் ஈரத்தை மட்டும் குறைத்தார். அப்போதும் ஏறியது.

“பாருங்கக்கா, தண்ணி போனாலே போதுமுங்க. கட்டு கொலஞ்சு போகுது” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஈரத்தைத் திருப்பிக் கொடுத்தால் அளவு இறங்கிவிடும். சித்திரையில் குளிர்சாதனம் பழுதாகி அறை கொதித்த ஒரு நாள், அது இறங்கவில்லை. அறைச் சூடு மட்டும் அதற்குப் போதாது; காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. பேராசிரியர் அந்த அளவை விட்டுவிடச் சொன்னார். “திரும்பி வராததையும் எழுதோணுமுங்க சார்” என்று சொல்லி எஸ்தர் எழுதிவிட்டார்.

அன்றுதான் அவர் கன்னங்களில் படர்ந்திருந்த செந்தடிப்பைக் கவனித்தேன். விரல் மூட்டுகளும் வீங்கியிருந்தன. என்னவென்று விடாமல் கேட்டேன்.

“லூபஸ்ங்கக்கா. என்ற ஒடம்பு என்ற டி.என்.ஏ.வையே எதிரின்னு நெனைக்குதுங்க. வெயில் பட்டா இன்னும் மோசமாகுமுங்க.”

“தெரிஞ்சுமா இந்த ஆராய்ச்சிக்கு வந்தே?”

“என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா பயம் கொறையும்னு வந்தேனுங்க. கொறையலீங்க.”

அடுத்த மழைக்காலத்துக்குள் நோய் சிறுநீரகத்தைப் பிடித்தது. கடைசியாக அவரைப் பார்த்தது பெரியநாயக்கன்பாளையத்தில், தம்பி வீட்டில். சன்னல்களில் போர்வை தொங்கியது. பாதங்கள் ஊதியிருந்தன. கட்டிலில் கிடந்த ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “போன தடவைக்கு இப்பப் பரவாயில்லையே” என்றேன்.

எஸ்தர் தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். “எனக்குப் படிக்கத் தெரியுமுங்கக்கா. நீங்களாவது பொய் சொல்லாம செத்த நேரம் ஒக்காருங்க.”

உட்கார்ந்தேன். இருட்டும்வரை என் கையை அவர் விடவில்லை.

நோயுற்றவர் அருகில் பொய்யின்றி உட்கார்ந்திருக்கும் துணிவு ஒன்றைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது இன்னும் எனக்கு முழுதாகக் கைவரவில்லை.