வீடியோ கேம் கடைச் சுவரில் அரக்கர்கள்

லாரிகளுக்கு நம்பர் எழுதும் செபாஸ்டினைப் பெரிய ஓவியன் என்று சொல்ல முடியாது. அவன் புலி வரைந்தால் பூனைதான் வரும். ஆனால் கண்ணால் காணாததை அவன் எழுதியதில்லை. அந்த அளவுக்குச் சொல்லலாம்.

1988இல் தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சர்தார் பாய் வீடியோ கேம் கடை போட்டார். காசு போட்டால் ஒரு வாள்வீரன் குகைக்குள் இறங்குவான், வழியெல்லாம் அரக்கர்கள். திரையில் வரும் எழுத்து எந்த மொழி என்றுகூட அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு அரக்கனையும் கடைச் சுவரில் வரைந்து, அதன் குணத்தைக் கீழே எழுதும் வேலையைச் செபாஸ்டின் தானாகவே எடுத்துக்கொண்டான். எந்த அரக்கனிடம் எவன் முதலில் செத்தானோ அவன்தான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்பது கடை வழக்கம். பஸ் கிளீனர் சென்றாயன், குதித்துக் குதித்து மிதிக்கும் ஒன்றிடம் செத்தான். தன் மாமியாரை நினைத்து 'மாமியா' என்று பெயர் வைத்தான். குணம் எழுதுவது மட்டும் செபாஸ்டின். ஒரு முறை பார்த்ததை நம்பமாட்டான். வேண்டுமென்றே மறுபடியும் போய்ச் செத்துவிட்டு வந்துதான் எழுதுவான். 'மாமியா: மூன்று முறை குதிக்கும். பிறகு மூச்சு வாங்கும். அப்போது வெட்டு.'

ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் போகும் கூட்டம் பேருந்து நிலையத்தில் நெரிந்தது. சென்றாயன் தன் ஊர்க்காரர்களைப் பந்தாவாகக் கடைக்குக் கூட்டிவந்து காசு போட்டான். மாமியா மூன்று முறை குதித்தது. இவன் வெட்டப் போனான். நாலாவதாகக் குதித்து மிதித்துவிட்டது.

"யோவ் செபாஸ்டினு, உங்கூட்டு மாமியாளப் பாத்து எழுதிட்டியா?" என்றான் சென்றாயன்.

"இவன் எழுதற லாரி நம்பரும் இப்பிடித்தான் இருக்குமாட்டம்" என்றான் கூட வந்த ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். செபாஸ்டின் தானே ஆடிப் பார்த்தான். நாலாவது குதிப்பில் செத்தான். மறுபடியும் செத்தான். மற்ற அரக்கர்களும் சுவரில் எழுதியபடி நடக்கவில்லை. தன் கண்மீதே அவனுக்குச் சந்தேகம் வந்தது.

சர்தார் பாய் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "நேத்து மெக்கானிக் வந்தான்பா. பொட்டிக்குள்ளார சின்னதா ஒரு சுவிட்ச் இருக்குது. தள்ளிவுட்டா எல்லாம் முரடாயிரும். உஞ்செவுத்தப் படிச்சிட்டு ஒவ்வொருத்தனும் ஒரே காசுல அர நாளு நிக்கறான். நான் என்ன பண்ணட்டும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க பாய்?"

"எம்பொட்டி. உங்கிட்ட எதுக்குச் சொல்லோணும்?"

"பொட்டி உங்களுதுங்க. பொய்யனாட்டம் நிக்கறது நானுங்க."

"அப்ப அழிச்சுரு. சுண்ணாம்பு நானே தர்றேன்."

அந்தச் சுண்ணாம்புதான் செபாஸ்டினைக் கொதிக்க வைத்தது. மாறியது அரக்கன், ஆனால் பார்த்தவன், தான் பார்க்கவே இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டுமாம். நேற்று உண்மையாக இருந்தது இன்று இல்லாமல் போனால், நேற்றும் அது பொய்தானா?

லாரிப் பட்டறையிலிருந்து சிவப்புப் பெயின்ட் கொண்டுவந்தான். மாமியாவின் கீழே எழுதினான்: 'ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் வரை உண்மை. அன்றுதான் சர்தார் பாய் பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சைத் தள்ளிவிட்டார்.' ஆத்திரத்தில் எழுத்து கோணலாக வந்தது. திருத்தவில்லை. அடுத்த அரக்கனுக்கு நகர்ந்தான்.

"டேய், சனம் படிக்குதுடா."

"படிக்கத்தானுங்க எழுதறன்."

சர்தார் பாய் சுண்ணாம்பு வாளியோடு எழுந்து வந்தார். எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்த சென்றாயன் சுவருக்கு முன்னால் வந்து நின்றான்.

"இன்னும் படிச்சு முடிக்கலீங்க பாய்."