பேச்சியம்மாள் எழுதினாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்

பரீட்சை எழுத மூளை வேண்டும். எழுதுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க நல்ல முழங்கால் இருந்தால் போதும். உங்களில் யாராவது பரீட்சை ஹாலில் சூப்பர்வைசராக நின்றிருந்தால், நான் சொல்லாமலே புரியும். மூன்று மணி நேரம் பத்திரிகை படிக்கக் கூடாது, கம்பளி பின்னக் கூடாது, ஜன்னலுக்கு வெளியே அதிக நேரம் பார்க்கக் கூடாது. கொட்டாவி விட்டால்கூட யாருக்கோ ஏதோ ஜாடை காட்டுவதாக நினைத்துவிடுவார்கள்.

நான் மாட்டுங்காவில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். சுதந்திரம் வந்த கையோடு, சர்க்காரின் பெரிய உத்தியோகங்களுக்கான போட்டிப் பரீட்சையில் பெண்களும் உட்காரலாம் என்று ஆயிற்று. பெண்கள் எழுதினால் பெண் சூப்பர்வைசர் வேண்டுமே! எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "உனக்குத்தாண்டி அகத்துல பிடுங்கல் கிடையாது" என்றாள்.

வந்தது ஒருத்தி

கோட்டைப் பக்கம் ஒரு பழைய கல்லூரியில் பரீட்சை. பெரிய ஹாலில் ஆண்கள். பெண்களுக்கென்று தாழ்வாரத்துக் கோடியில் ஓர் அறை ஒழித்து, மேஜைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டியிருந்தார்கள். மணி அடிக்கும் நேரத்துக்கு வந்தது ஒரே ஒருத்தி. மற்றவர்களை அப்பா விடவில்லையோ, புருஷன் விடவில்லையோ, பயம்தான் விடவில்லையோ, தெரியாது. வந்தவள் பெயர் பேச்சியம்மாள் என்று வருகைப் பட்டியலில் இருந்தது. ஒல்லியான பெண். வெள்ளைக் கதர்ப் புடவை, கையில் இரண்டு பேனா.

தலைமை சூப்பர்வைசர் ஒரு பார்சிக் கிழவர். "ஒருத்திதானே, ஹாலிலேயே ஓர் ஓரமாக உட்கார வைக்கலாமே?" என்று அவரிடம் கேட்டேன். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெண்களுக்குத் தனி அறை என்றுதான் எழுதியிருக்கிறது என்றார். ஆக, அந்த அறையில் காலி மேஜைகளுக்கு நடுவே அவள், எதிரே நான். கதவுவரை கூட வந்தவர், பம்பாய் வழக்கப்படி 'பாயி', அதாவது அம்மா, என்று கூப்பிட்டு ஹிந்தியில் எனக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனார்: "பாயி, அவ பேசினா அவ பேப்பர் போச்சு. நீங்க பேசினாலும் அவ பேப்பர்தான் போகும்."

பெயர் வேண்டாம்

கேள்வித்தாள் அரக்கு முத்திரை போட்ட உறையில் வரும். உடைப்பதற்கு முன் பரீட்சை எழுதுகிறவர்களில் இரண்டு பேர் முத்திரையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் அறையில் இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? கிழவர் மறுபடியும் வந்து தானே சாட்சி நின்றார். பேச்சியம்மாள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பதுபோல அவ்வளவு ஆசையாகப் பார்த்தாள்.

மணி அடிப்பதற்கு முன் விதிகளைப் படித்துக் காட்டுவது என் வேலை. விடைத்தாளில் நம்பர் மட்டும்தான் எழுத வேண்டும். பெயரோ, ஊரோ, சாமி பெயரோ எங்காவது தட்டுப்பட்டால் அந்தப் பேப்பர் செல்லாது என்று இங்கிலீஷில் படித்தேன். என் இங்கிலீஷைக் கேட்டதுமே நான் தமிழ் என்று கண்டுகொண்டாள். மணி அடிக்க இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. திருநெல்வேலித் தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "பேர எழுதப்படாதுன்னா ரொம்ப நல்லதாப் போச்சு டீச்சர். பேர வாசிச்சாத்தான எல்லாரும் எந்தூரு, என்ன ஆளுன்னு கேக்காவ."

சாவி

மறுநாள் காலையில் ஒரு பேப்பர், மத்தியானம் ஒரு பேப்பர். பாதியில் பேச்சியம்மாள் கையைத் தூக்கினாள். வெளியே போக வேண்டுமாம். கூடப் போக வேண்டியது நான்தான். தாழ்வாரத்தில் இறங்கி விசாரித்தால், அந்தக் கட்டிடத்தில் பெண்களுக்குக் கழிப்பறையே கிடையாது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் பேராசிரியர்களின் வீட்டு மனுஷாளுக்காக ஒன்று இருக்கிறதாம், அது பூட்டியிருக்கிறதாம், சாவி ஆபீஸில் ஒருவரிடம் இருக்கிறதாம், அவர் டீ சாப்பிடப் போயிருக்கிறாராம். இத்தனையும் தெரிந்துகொள்வதற்குள் அவளுடைய பரீட்சை நேரம் கரைந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி நடந்து, வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டோடு அவள் தண்ணீர் குடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் குடிக்கவில்லை. குடி என்று சொல்ல எனக்கு நாக்குவரை வந்தது. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

கல்லூரிப் பட்டாவாலா கோவிந்த்தான் ஆபீஸ் வாசலில் போய்ச் சண்டை போட்டான். பம்பாயில் பியூனை நாங்கள் பட்டாவாலா என்றுதான் சொல்வோம். சாவி கிடைக்காமல் திரும்பி வந்தவன் என்னைப் பார்த்து மராத்தியும் ஹிந்தியுமாகக் கத்தினான்: "நாளைக்கு வாங்கிக்கோங்கறாங்க பாயி! அப்போ பரீட்சையையும் நாளைக்கே வச்சிருக்கலாமே?"

அலுப்பு

மாட்டுங்காவில் அண்ணா வீட்டில் இருக்கிறேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஐந்து குழந்தைகள். பேச ஆளில்லாமல் ஒருத்தி இருக்க வேண்டுமானால் இந்த மாதிரி நிறைய ஜனம் இருக்கிற வீடுதான் சரி. சாயங்காலம் ரயிலில் வரும்போதெல்லாம், அண்ணாவிடம் இன்றைக்கு இதைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே வருவேன். அண்ணாவும் ஒரு காலத்தில் சர்க்கார் குமாஸ்தா பரீட்சை எழுதித்தான் வேலைக்குப் போனான். சுருக்கி எழுதும் பயிற்சியில் நான்தான் அவனுக்குத் திருத்திக் கொடுப்பேன்.

"அண்ணா, இன்னிக்கு அந்தப் பொண்ணு இருக்காளே..." என்று ஆரம்பித்தேன். அவன் பத்திரிகையைத் தாழ்த்தாமலே, "ஆமாம், கெரசின் வாங்கிண்டு வந்தியா?" என்றான். வாங்கவில்லை. சின்னவன் மடியில் வந்து விழுந்தான்; பெரியவளுக்கு ஜடை பின்ன வேண்டியிருந்தது. நான் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடினேன். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த மன்னிக்கு நிஜமாகவே புரியவில்லை, பாவம். "நாள் பூரா சும்மா உக்காந்துண்டு இருந்துட்டு வரதுக்கா இத்தனை அலுப்பு உனக்கு?" என்றாள்.

வயசு

பேச்சியம்மாள் எடுக்காத ஒரு பாடத்துக்குப் பரீட்சை நடந்த அன்று, என்னைப் பெரிய ஹாலில் நிற்கச் சொன்னார்கள். என் வரிசையில் ஒருவர், முப்பதைத் தாண்டியவர், பட்டாளத்தில் இருந்தவர் என்று உட்காரும் விதத்திலேயே தெரிந்தது. கேள்வித்தாளை ஒருமுறை படித்தார். பேனாவை மூடி வைத்தார். அரை மணிக்குள் யாரும் வெளியே போகக் கூடாது என்பது விதி. அதுவரை கடியாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வெற்றுத்தாளை என்னிடம் நீட்டி, சல்யூட் மாதிரி தலையை அசைத்துவிட்டுப் போனார். அந்தக் காகிதம் கையில் ரொம்ப நேரம் கனத்தது.

இருபத்துநாலு வயசு தாண்டினால் எழுத முடியாதே, இவருக்கு எப்படி என்று கிழவரிடம் பிறகு கேட்டேன். யுத்தத்துக்குப் போனவர்களுக்கு வயசைத் தளர்த்தியிருக்கிறார்கள், வீடு வாசலை விட்டு அகதியாக வந்தவர்களுக்கும் உண்டு என்றார். நான் பி.ஏ. முடித்தபோது பெண் என்பதால் எழுத விடவில்லை. இப்போது விடுகிறார்கள், எனக்கு வயசு தாண்டிவிட்டது. எங்கள் மாதிரி ஆட்களுக்குத் தளர்வு உண்டா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்துவரைக்கும் செய்தது தப்புன்னு கவர்ன்மென்ட் எங்கேயும் எழுதலை, பாயி. இன்னிக்குச் செய்யறது சரின்னு மட்டும்தான் எழுதியிருக்கு."

காலி மேஜை

கடைசி நாள், சரித்திரப் பேப்பர். மணி அடித்தாயிற்று, பேச்சியம்மாளைக் காணோம். அரை மணிக்குமேல் வந்தால் உள்ளே விட மாட்டார்கள். கேள்வித்தாளை அவள் மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. ஜன்னலண்டை போனேன், திரும்பி வந்தேன். உறையில் மிச்சமிருந்த ஒரு கேள்வித்தாளை எடுத்துப் படித்தேன். முதல் கேள்விக்கு விடை தெரிந்தது. இரண்டாவதும் தெரிந்தது. ஆளில்லாத அறையில், எழுதாத ஒரு பரீட்சையை மனசுக்குள் எழுதிக்கொண்டு நின்றேன். மூன்றாவது கேள்வியில் ஒரு ராஜாவின் பெயர் வராமல் தவித்துக்கொண்டிருந்தபோது தாழ்வாரத்தில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

ரயில் பைகுல்லா தாண்டி நடுவழியில் நின்றுவிட்டதாம். பெண்கள் பெட்டியிலிருந்து தண்டவாளத்தில் குதித்து, ஜல்லிக்கல்மேல் நடந்து, அப்புறம் ரோட்டுக்கு ஏறி ஓடிவந்திருக்கிறாள். ஒரு காலில் செருப்பில்லை, பாதத்தில் ரத்தம். கேட்டில் கிழவர் கைக்கடியாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறது என்று உள்ளே விட்டாராம். உட்கார்ந்தவள் உடனே பேனாவைத் தொடவில்லை. கவிழ்ந்திருந்த கேள்வித்தாளைத் திருப்பினாள். எனக்கா, தனக்கா, யாருக்கென்று சொல்ல முடியாமல் முணுமுணுத்தாள்: "எழுதற கை நடுங்குது. அது நிக்கட்டும், அதுவரைக்கும் கேள்விய வாசிக்கேன்."

டில்லியில் கேட்டது

சில மாதம் கழித்து ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தாள். எழுத்துப் பரீட்சை பாஸ். டில்லியில் நேர்முகம் முடிந்து வந்திருக்கிறாள். மாட்டுங்கா ஹோட்டலில் ஃபேமிலி ரூமில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவள் லேபர் கேம்ப் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் இருக்கிறவள், ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா, அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அப்பாவின் ரயில்வே பாஸில் இரண்டு பேருமாக டில்லி போயிருக்கிறார்கள்.

எப்படிக் கேட்டார்கள் என்றேன். காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. எழுத்தில் எத்தனை வாங்கினாலும் நேர்முகத்தில் குறைந்தபட்ச மார்க் வராவிட்டால் அவ்வளவுதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "நாலு பேரு இருந்தாவ டீச்சர். நாலு பேரும் கல்யாணம் எப்ப, கல்யாணம் ஆனா வேலைய விட்டுருவியான்னே கேட்டாவ. சரித்திரத்துல ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கப்படாதா?"

ஒரு வார்த்தை

பயந்தபடியே ஆயிற்று. எழுத்தில் நல்ல மார்க், நேர்முகத்தில் தவறிவிட்டாள். வயசு இன்னும் ஒரு தடவைக்கு இடம் கொடுத்தது. அடுத்த வருஷமும் அதே அறை, அதே மேஜை. இந்தத் தடவை கூட இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். கழிப்பறைச் சாவியைக் கோவிந்த் முதல் நாளே வாங்கி இடுப்பில் செருகி வைத்திருந்தான். நேர்முகத்திலும் இந்தத் தடவை ஒருவர் ரேஷன் அரிசிப் பங்கீட்டைப் பற்றிக் கேட்டாராம். ரேஷன் ஆபீஸ்காரியிடம் கேட்கலாமா அதை!

முடிவு வந்த அன்று அவள் வரவில்லை, அவளுடைய அப்பா வந்தார். பட்டறையிலிருந்து நேரே வந்திருந்தார். கையில் எண்ணெய்க் கறை. பெண்கள் பள்ளிக்கூடத்துக்குள் வரக் கூச்சப்பட்டு கேட்டிலேயே நின்றார். கல்கத்தாவில் கணக்குத் தணிக்கைப் பிரிவில் அதிகாரி வேலை என்று சொன்னார். சந்தோஷம் என்றேன். அவர் போகாமல் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடியும் தோளில் போட்டார். "எங்க லைன் வீட்டுல ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ டீச்சர். நீங்க ஒரு நட வந்து, எம்மவ நெசமாத்தான் எழுதினான்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

போரி பந்தர்

போய்ச் சொன்னேன். லேபர் கேம்ப்பில் ஒரு குழாயடிக் கூட்டத்துக்கு நடுவே நின்று, ஆமாம், இவள்தான் எழுதினாள், என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். அந்த சூப்பர்வைசர் உத்தியோகத்தில் நான் பிரயோஜனப்பட்டது அன்றைக்குத்தான்.

கல்கத்தா ரயிலுக்கு வழியனுப்பப் போரி பந்தர் ஸ்டேஷனுக்கும் போனேன். லேபர் கேம்ப்பே திரண்டு வந்திருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அப்பா. எல்லோரும் ஒரே சமயத்தில் புத்தி சொன்னார்கள்: தண்ணீரைக் காய்ச்சிக் குடி, நகையைக் கழற்றி வை, வாரம் ஒரு கடிதம் போடு. இப்போது எங்களைப் பேசக் கூடாது என்று தடுக்க யாரும் இல்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஜாஸ்தியாக இருக்கும் என்றோ என்னவோ சொன்னேன். வண்டி அசைந்தது. அவள் கம்பியிலிருந்த என் கைமேல் தன் கையை வைத்து, இத்தனை நாளும் கேட்க நினைத்திருந்ததைப்போலக் கேட்டாள்: "நான் பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருந்தேன். எதிர்த்தாப்பல உக்காந்து, நீங்க என்ன டீச்சர் நினைச்சுக்கிட்டு இருந்தீய?"

என்னிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. விடை சொல்வதற்குள் வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டிவிட்டது.

இந்த வருஷமும் ஹெட்மிஸ்ட்ரஸ் என் பெயரைத்தான் கொடுத்திருக்கிறாள். பரீட்சை ஹாலில் வயசு வரம்பே இல்லாமல் வருஷா வருஷம் போய் உட்காரக்கூடிய ஒரே ஆள் சூப்பர்வைசர்தான் என்பதில் எனக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.