பிலோமின்ராஜ் காட்டேரியான கதை

பாலக்கரையில் சவப்பெட்டி செய்கிற பிலோமின்ராஜைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை அந்த வட்டாரம் பார்த்ததில்லை. இடிக்குப் பயம், தெருநாய்க்குப் பயம், தந்தி கொண்டு வருகிறவர் சைக்கிளைக் கண்டால் அடுத்த சந்தில் புகுந்துவிடுவார். பிணத்துக்கு மட்டும் பயமில்லை. செத்தவர்களுக்கு இனிமேல் ஒன்றும் ஆகப்போவதில்லை, இருக்கிறவர்களுக்குத்தான் எந்த நேரமும் எதுவும் ஆகிவிடும் என்பது அவர் கட்சி.

அவரைக் கேலி செய்கிறேனே தவிர, அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இரண்டு பிள்ளைகள். மூத்த பையன் பிறந்த மூன்றாம் நாள் போனான். அடுத்த பெண் நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனாள். இரண்டுக்கும் பெட்டி செய்தது அவர் கைதான். இப்போது, 1958 பங்குனியில், மனைவி அமிர்தத்துக்கு மறுபடியும் ஆறு மாதம். இதுவாவது தங்க வேண்டுமே என்று நினைத்தபடி எழுந்து, அதையே நினைத்தபடி படுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் ஜெகபர் அலி வந்து நின்றார்.

ஜெகபர் அலி பெரியகடை வீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். சின்ன வயதில் ஏதோ ஒரு கொட்டகையில், ரத்தம் குடிக்கிற பிசாசைப் பற்றி வெள்ளைக்காரன் எடுத்த ஊமைப் படம் ஒன்றைப் பார்த்து அரண்டுபோனவர். பொன்மலை ரயில்வேயிலிருந்த ஒரு ஆங்கிலோ இந்தியர் சீமைக்குக் கிளம்பும்போது தன் சின்ன சினிமா காமிராவை அவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குச் சாவி கொடுத்தால் அரை நிமிஷம் ஓடும். சத்தம் பதியாது. பதியாவிட்டால் என்ன, ஊமைப் படமே எடுப்போம் என்று கிளம்பிவிட்டார் மனுஷர்.

"பிலோமினு, இந்த உசரம், ஒட்டிப்போன கன்னம், முன்னால நீட்டிக்கிட்டிருக்கற பல்லு. நான் தேடின ரத்தக்காட்டேரி நீதாம்ப்பா."

"பாய், வீட்ல ஆறு மாசம். காட்டேரி புள்ளத்தாச்சியத்தான் தேடி வரும்னு சொல்லுவாங்க. நானே அந்த வேஷத்தைப் போட்டா எப்படிங்க?"

"வேஷம்தானே? அல்லா இருக்கான். பயப்படாதே."

வேறு யாராவது கேட்டிருந்தால் பிலோமின்ராஜ் ஓடியிருப்பார். ஆனால் பெண் குழந்தை இறந்த காலையில் வந்து, அமிர்தத்தின் மடியில் வைத்து அதைப் படம் எடுத்துக் கொடுத்தவர் ஜெகபர் அலி. மூடியிருந்த கண்ணைப் பென்சிலால் திருத்தித் திறந்துவைத்து, சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்த மனுஷரிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஒரு வேலை என்று அமிர்தத்திடம் பொய் சொல்லிவிட்டு, சவப்பெட்டி ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றி, கூட வேலை செய்கிற காத்தானையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

கொள்ளிட ஆற்று மணலில் உச்சிவெயில். காட்டேரி ராத்திரியில்தானே வரும் என்று காத்தான் கேட்டான். ராத்திரியில் எடுக்க இந்தக் காமிராவுக்குக் கண் போதாது, லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியைப் பிடித்துப் பகலில் எடுத்தால் வானம் கறுத்து ராத்திரி மாதிரி விழும் என்றார் ஜெகபர் அலி. அந்தக் கண்ணாடி வழியாகச் சிவப்பெல்லாம் வெளுத்துவிடுமாம். அதனால் ரத்தத்துக்குப் பேனா மை. முகமெல்லாம் அரிசி மாவைப் பூசி, உதட்டிலிருந்து தாடை வரை நீலமை வழியவிட்டு, நாடகக் கம்பெனியில் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டையும் மாட்டினார்கள். பிலோமின்ராஜுக்கு ராத்திரியைவிட உச்சிவேளைதான் பயம். பேய் உலாவுகிற நேரம் அது.

"நீ உள்ளே படு. மூடியைச் சாத்துவாங்க. நான் கையைத் தட்டினதும் தள்ளிக்கிட்டு எழுந்திரு. எவ்வளவு வேணாக் கத்து, மூஞ்சி நல்லா வரும். சத்தம்தான் பதியாதே!" என்றார் ஜெகபர் அலி. "காத்தான், மூடு!"

காத்தான் மூடினான். இருபது வருஷமாக மூடிக்கொண்டிருப்பவன். மூடியை வைத்தால் அடுத்து என்ன என்று அவன் மூளை யோசிப்பதில்லை, கையே பார்த்துக்கொள்ளும். மடியிலிருந்த ஆணி வாய்க்குப் போனது, வாயிலிருந்து மூலைக்குப் போனது. நாலு மூலையிலும் அடித்து இறக்கிவிட்டுக் கௌரவமாக ஒதுங்கி நின்றான். சாவி கொடுத்துக்கொண்டிருந்த ஜெகபர் அலி நிமிர்ந்தே பார்க்கவில்லை. கையைத் தட்டினார்.

பிலோமின்ராஜ் தள்ளினார். நகரவில்லை. இன்னொரு தரம் தள்ளினார். அப்புறம் கத்தினார். "அப்படித்தான், கத்து, கத்து!" என்று வெளியே ஜெகபர் அலியின் குரல் கேட்டது. பெட்டிக்குள் ஒரு ஊசி வெளிச்சம் இல்லை. இடுக்கே இல்லாமல் பலகையைப் பொருத்துவதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அந்தக் கைவேலை மூச்சை முட்டியது. மாமரப் பலகையின் வாசனை மூக்கில் ஏறியது. இதே வாசனையில்தானே அந்த இரண்டையும் வைத்து மூடினோம், இவ்வளவு இருட்டாகவா இருந்திருக்கும் என்று நினைத்ததும் நெஞ்சு விட்டுப்போயிற்று. காட்டேரி வீட்டுக்குப் போயாகிவிட்டது, தன்னை இங்கே அடைத்துப்போட்டுவிட்டு அமிர்தத்திடம் போயாகிவிட்டது என்று தோன்றியது. தோன்றியது என்ன, நம்பியேவிட்டார்.

சாவி தீர்ந்து காமிரா நின்ற பிறகுதான் உள்ளே இடிக்கிற சத்தம் காத்தான் காதில் விழுந்தது. "அய்யோ, அண்ணே!" என்று சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணிகளைப் பிடுங்கினான். மூடி திறந்ததும் பிலோமின்ராஜ் யாரையும் பார்க்கவில்லை. மணலில் விழுந்தடித்து ஓடினார்.

ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்துப் பக்கம் நின்றிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனார். முன் சீட்டுக்காரர்களும் போனார்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. எதுவும் அவருக்கு உறைக்கவில்லை. மாதாவே, மாதாவே என்று முனகியபடி பாலக்கரையில் குதித்து, வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்தார்.

அமிர்தம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையிலிருந்து முறம் விழுந்தது. அந்தக் கண்ணில்தான் பிலோமின்ராஜ் தன்னைப் பார்த்தார். வெள்ளை முகம், வாயிலிருந்து வழிகிற கறை, கறுப்புக் கோட்டு. எது வந்துவிடக்கூடாது என்று நடுங்கினாரோ, அதுவாகவே வாசலில் வந்து நிற்கிறார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"பயந்துட்டியா? ஐயோ, புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே? அமிர்தம், நான்தான். நான்தான்."

அவள் வயிற்றில் கை வைத்தபடி எழுந்தாள். அப்புறம் முந்தானையை நனைத்து வந்து அவர் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இந்த மூஞ்சியப் பாத்து ஒரு நிமிஷம் பயந்தேங்க. கட்டிலுக்கு அடியில சாக்குல சுத்தி வெச்சிருக்கீங்களே, அதைப் பாத்து ரெண்டு மாசமா பயப்படறேன்."

நான் இதுவரை சொல்லாத விஷயம் அது. அவரே தனக்குள் சொல்லிக்கொள்ளாத விஷயம். முதல் இரண்டும் மாமரப் பெட்டியில் போயின, இதுவும் போகத்தான் போகிறதென்றால் தேக்கிலாவது போகட்டும் என்று, நல்லதாக நாலு பலகை பார்த்து, அளவாக அறுத்து ஒதுக்கி வைத்திருந்தார். பாசத்தில் செய்தது. அதன் மேல்தான் அவள் தினமும் படுத்திருந்தாள்.

"தெரியுமா உனக்கு?"

"அளவு தெரியாதா எனக்கு?"

பிலோமின்ராஜ் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கடியில் புகுந்து மூட்டையை இழுத்தார். கோடாலியை எடுத்துக் கொல்லையில் போட்டுப் பிளந்தார். அழுதுகொண்டே பிளந்தார். அமிர்தம் துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் வைத்து உலையேற்றினாள். சோறு கொதிக்கிறபோது, "எனக்கும் ரொம்பப் பயமா இருக்குங்க" என்று அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

அந்தப் படத்தில் காட்டேரி எழுந்திருக்கிற காட்சி கடைசிவரை இல்லை. ஆடாத அசையாத ஒரு பெட்டிதான் இருந்தது. ஜெகபர் அலி அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆனியில் பெண் பிறந்தாள். மூன்றாம் நாள் கடந்தது, நாற்பதாம் நாளும் கடந்தது. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகும் பிலோமின்ராஜ் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து, அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் விரலில் சூடாக மூச்சு பட்டது.