பிரெஞ்சு வகுப்பும் மாமனாரின் சிலேட்டும்

வாசலிலேயே நின்றிருந்த என்னை என் மகள் ஏன் கூப்பிடவில்லை? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

அவள் ஆறாம் வகுப்பு. தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் அள்ளலாம் என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன். காலையில் தலை பின்னும்போது நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல, அவள் பிரெஞ்சில் திருப்பிச் சொல்வாள். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, குளிருகிறது. அவள் சொல்வது சரிதானா என்று கைபேசியில் பார்ப்பேன். தமிழில் அவளுக்கு எழுத்துகள் தெரியும். கூட்டிப் படிக்க வராது.

அப்போது மாமனாருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து தஞ்சாவூர் மருத்துவமனையில் வைத்திருந்தோம். பேசக் கூடாது என்பதால் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். திருக்காட்டுப்பள்ளி வயலுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்பதுதான் பெரும்பாலும்.

அன்று மகளை அவரிடம் உட்கார வைத்துவிட்டு, அறை வாசலில் நர்ஸிடம் மாத்திரை விவரம் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால், மாமா கழுத்துவரை போர்த்திக்கொண்டு நடுங்குகிறார். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. சிலேட்டில் பெரிதாக, ‘குளிருது. ஃபேனை நிறுத்து.’

அவர் மேலே கையைக் காட்டியிருக்கிறார். புழுக்கமாக இருக்கிறதென்று நினைத்து இவள் வேகத்தைக் கூட்டியிருக்கிறாள். அவர் அழித்துவிட்டு இன்னும் பெரிதாக எழுதியிருக்கிறார். இவள் சிலேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கஞ்சியோடு வந்த மாமியார் சிலேட்டைப் படித்தார். “பிரெஞ்சுல எழுதிக் காட்டியிருந்தீங்கன்னா புள்ள நிறுத்தியிருக்கும்” என்றார் மாமாவிடம். நான் ஸ்விட்சை அணைத்தேன். அதற்குப் பிறகு மாமா அவளிடம் சிலேட்டை நீட்டவே இல்லை. அவள் பக்கத்தில் இருந்தாலும் என்னைக் கூப்பிடச் சொல்லிச் சைகை காட்டுவார்.

ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று திரும்பும்போது பஸ்ஸில் அவளைக் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். படிக்கத் தெரியாத வெட்கமா, நான் திட்டுவேன் என்ற பயமா?

தமிழுக்கு மாற்றிவிடலாம் என்றேன் கணவரிடம். “வீட்ல தமிழ்தானே பேசுறா? இப்ப மாத்தினா ரேங்க் போயிடும்.” அதோடு அவர் பேச்சை முடித்துவிட்டார். வீட்டிலேயே சொல்லித்தரப் பார்த்தேன். பிரெஞ்சு வீட்டுப்பாடம் முடித்துச் சோர்ந்தவளை எழுத்துக் கூட்ட வைத்தால் அழுகிறாள். நானும் கத்திவிடுகிறேன். இப்போது தமிழ்ப் புத்தகத்தைக் கண்டாலே அவள் முகம் மாறுகிறது. அதை நான்தான் செய்தேனோ என்னவோ.

மொழி மாற்ற இந்த மாதம்தான் கடைசி என்கிறது பள்ளி. கட்டுரை எழுதும் பிள்ளைகள் நடுவே இவளை உட்கார வைத்தால் இன்னும் கூனிக் குறுகிப் போவாளோ? விட்டுவிட்டால் தாத்தாவும் பேத்தியும் இப்படியே விலகிவிடுவார்களோ? பிள்ளையைப் பாதியில் தமிழுக்கு மாற்றியவர்கள் யாராவது இருந்தால், அதன் பிறகு அந்தப் பிள்ளை எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.