தோரணமலைக்கு ஒத்திகை

மலை ஏறுவதற்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏறப்போவது ஒன்றும் இமயமலை இல்லை. தென்காசியிலிருந்து கடையம் போகிற வழியில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் உள்ளே போனால் வருகிற தோரணமலை. மேலே முருகன் இருக்கிறார், அடிவாரத்திலிருந்து படி இருக்கிறது, கைப்பிள்ளைக்காரிகள்கூட ஏறி இறங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் போய் இந்த மனிதர் மாதக்கணக்கில் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பனிமலைகளில் மூட்டை சுமந்து ஏறி இறங்கியவர். அந்த வருஷங்கள் பூராவும் நான் தென்காசியில் மாமனார் மாமியாருக்குச் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன். சீசனுக்குக் குற்றாலம் வருகிற சொந்தக்காரர்களின் ஈரத் துண்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மொட்டை மாடியில் நின்றால் கண்ணுக்கு நேரே மலைதான், ஆனால் ஒரு நாளும் ஏறினதில்லை. "நான் பாத்த மலையெல்லாம் ஒனக்குக் காட்ட முடியாதுட்டி. ஒரு மலை மேலயாவது ஒன்னக் கொண்டு போயி நிறுத்திப்புடணும்" என்பார்.

சும்மா சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மூச்சு இரைக்கிறது என்று திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகிற வியாதி, குணமாகாது, மருந்தால் இழுத்துப் பிடிக்கத்தான் முடியும் என்றார். மலைப்படி ஏறலாமா என்று இவர் கேட்டார். டாக்டர் ஸ்கேன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்பன்னா மெதுவா, உக்காந்து உக்காந்து போலாம். தள்ளிப்போடாதீங்க" என்றார். அடுத்த வருஷத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறுநாளே ஒத்திகை ஆரம்பமாகிவிட்டது. வியாதி அவருக்கு, பயிற்சி எனக்கு! காலையில் கோயிலைச் சுற்றி ரதவீதியில் நடை, சாயங்காலம் எங்கள் வீட்டு மாடிப்படி. அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, வாயால மூச்சு விடாத. பேச்சக் கொற, பாதி மூச்சு அதுலயே போவுது" என்று அதிகாரம் பண்ணுவார். "அப்பம் ஒரு ஊமையாப் பாத்துக் கட்டியிருக்கணும்" என்பேன் நான். அவர் சிரிக்க ஆரம்பித்தால் அது இருமலில் போய் முடியும். பிறகு சிரிக்க வைப்பதை நான் குறைத்துக்கொண்டேன்.

திட்டம் இதுதான். சாரல் ஓய்ந்து, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால், கூட்டம் இல்லாத ஒரு நாள். கருக்கலில் முதல் பஸ். வயிறு முட்டத் தின்னக் கூடாது, மிளகாய்ப்பொடி தடவின இட்லி போதும். கையில் பை வைத்திருந்தால் குரங்கு பிடுங்கிவிடும், துணிப்பையைத் தோளில் குறுக்காக மாட்ட வேண்டும். நிழல் வருகிற முதல் இடத்திலேயே, மூச்சு வாங்காவிட்டாலும், உட்கார வேண்டும். "மேல போயி சுனைத் தண்ணிய மூஞ்சில அடிச்சிட்டு, கெழக்காமப் பாத்து ரெண்டு பேரும் உக்காரணும். சாமி கும்புடுததெல்லாம் அதுக்குப் பொறவுதான்."

நாளைக் காலையில் கிளம்பவேண்டும், இட்லிக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டேன். அப்போதுதான் இலத்தூரில் ஒரு பெரியவர் தவறிவிட்டார் என்று போன் வந்தது. இவருக்குப் பங்காளி. தொண்ணூறைத் தாண்டின ஆள், கல்யாண வீட்டில் எதிரே நின்றால்கூட இவரை யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு மலைக்கோயில் ஏறக்கூடாது என்பது எங்கள் வழக்கம்.

கேத வீட்டு வாசலிலேயே இவருடைய அண்ணன் சொல்லிவிட்டார்: "ஏலே, வருஷம் திரும்பட்டும். அதுக்கு முந்தி மலையில காலு வைக்கப்பிடாது."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "பெரியத்தான், இவங்க ஒடம்பு ஒரு வருஷம் தாங்குமா? ஒங்களுக்குத் தெரியுமா அது?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். பெண்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். பெரியத்தான் பந்தல்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவரோ, "போட்டும்ட்டி, வருசம் ஓடிரும்" என்றார். யாருக்கும் தெரியாமல் போய்விட்டு வருவோம் என்று வீட்டுக்கு வந்தும் கெஞ்சினேன். முடியாது என்றுவிட்டார். அண்ணன் பேச்சைத் தட்டமாட்டாராம்! அன்றிலிருந்து பெரியத்தானோடு நான் பேசுவதை நிறுத்தினேன்.

வருஷம் ஓடத்தான் செய்தது. முதலில் ரதவீதி நின்றது. அப்புறம் அவரால் மாடிப்படிக்கே வரமுடியவில்லை. ஆக்சிஜன் மிஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். ஒத்திகையை மட்டும் அவர் விடவில்லை. நான் படியேறி இறங்குகிற சத்தத்தைப் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார்.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"அப்பம் நீ ரெடி."

இலத்தூர்ப் பெரியவருக்கு வருஷம் திரும்புவதற்குள் இவர் போய்விட்டார். அதற்குப் பிறகு இவருக்காக ஒரு வருஷம். அதையும் இருந்து கழித்தேன்.

வருஷம் முடிந்து, அதே சாரல் ஓய்ந்த நாளாகப் பார்த்து, அவர் சொன்னபடியே துணிப்பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஓரகத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். கருக்கலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் அவளுடைய புருஷன், பெரியத்தான், நிற்கிறார். "நானும் வாரேன்" என்றார். நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன், அவர் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

நிழல் வந்த முதல் இடத்தில் உட்கார்ந்தேன். பெரியத்தான் இரண்டு படி கீழே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே பேசினார்.

"கேத வீட்டுல அப்பிடிச் சொன்ன அன்னைக்கு ராத்திரியே எனக்கு மனசு கேக்கல. அவனுக்கு போன் போட்டேன். ஏலே, நான் சொன்னத விட்டுரு, போயிட்டு வாங்கன்னேன். அவன்தான் வேண்டாம்னுட்டான். ‘ஏறுத எடத்துல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தீட்டோட மலை ஏத்திப் புருசனக் கொன்னுட்டாள்னு ஊரு அவளத்தான் பேசும். நான் போன பொறவும் அவ இந்த ஊருலதாண்ணே இருக்கணும்’னான். ஒங்கிட்டச் சொல்லப்பிடாதுன்னும் சத்தியம் வாங்கிட்டான். ‘அவளுக்குக் கோவம் ஒங்க மேலயே இருந்துட்டுப் போட்டும்ணே’ன்னான்."

நான் படியில் தலையை வைத்து அழுதேன். ஏறி இறங்குகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள், பார்க்கட்டும். ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகிறது என்று விட்டிருக்கக் கூடாதா, பாவி மனுஷா! நாலு பேச்சு வாங்க மாட்டேனா நான்? நீங்கள் ஒரு தடவை என்னோடு மேலே வந்து உட்கார்ந்திருந்தால், அந்தப் பேச்சையெல்லாம் ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டு இருந்திருப்பேனே.

பெரியத்தான் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். பிறகு எழுந்து, வாயை மூடிக்கொண்டு, பேசாமல் ஏறினேன். மூச்சு வாங்கவே இல்லை.

மேலே சுனைத் தண்ணீரை முகத்தில் அடித்துவிட்டுக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். கீழே வயலும் குளமுமாகக் கிடந்தது. பெரியத்தானும் வந்து அதே பாறையில், நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடத்தை விட்டு, தள்ளி உட்கார்ந்தார்.