அப்பா மாதிரி ஓர் ஆள்

எங்கள் அப்பா வேற்றுக்கிரகத்து ஆள் என்று கண்டுபிடித்தது நான்தான். எட்டு வயதில். அந்த ஆள் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார்.

சந்தாபுராவில் ஒற்றை அறை வீடு. அப்பா பெயிண்டர். வைட்ஃபீல்டில் எங்கே புது அபார்ட்மென்ட் எழும்பினாலும் போவார். சாயங்காலம் குடித்துவிட்டு வருவார். கதவில் உதை விழுந்தால் அப்பா வந்தாயிற்று என்று அர்த்தம். ஒருமுறை மூன்று மாதம் ஆளைக் காணோம். வெளியூர் வேலை என்றாள் அம்மா. குடியை நிறுத்துகிற ஆஸ்பத்திரியில் மாமா கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

அப்பா திரும்பி வந்த வாரம் மாமா என்னை மேட்னி ஷோவுக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்காரர்கள் தமிழில் பேசுகிற படம். வானத்திலிருந்து இறங்கியவர்கள் வீட்டுக்கு ஒருவராகத் தூக்கிப்போய்விட்டு, அதே முகத்தோடு தங்கள் ஆளை அனுப்பிவிடுகிறார்கள். முகம் வரும், குரல் வரும். பழைய ஞாபகம் மட்டும் வராது. அதை வைத்து ஒரு சிறுமி தன் தகப்பன் போலி என்று கண்டுபிடிப்பாள். ராணுவம் வந்து போலியைப் பிடித்துக்கொண்டு அசலை மீட்டுக் கொடுக்கும். இடைவேளையில் மாமா வாங்கித் தந்த சமோசாவைத் தின்னவே மறந்துவிட்டேன்.

“சக்கத் படம், இல்ல பாப்பா?” என்றார் மாமா. பிரமாதம் என்பதை அவர் கன்னடத்தில்தான் சொல்வார்.

எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். எனக்குத் தலை பின்னிவிட்டார், கோணலாக. அம்மாவிடம், சாப்பிட்டாயா என்று கேட்டார். அப்பா அப்படிக் கேட்டதே இல்லை.

சோதித்துப் பார்த்தேன்.

“டிவி எப்படி ஒடஞ்சுது, சொல்லு பாக்கலாம்?”

எங்கள் டிவியில் சத்தம் மட்டும்தான் வரும். விரிசல் விட்ட கண்ணாடியைப் பார்த்தார். “தெரிலியே பாப்பா. நீ பந்து கிந்து அடிச்சியா?”

ஆயுதபூஜையன்று பொட்டு வைத்த பெயிண்ட் டப்பாவை டிவி மேல் தூக்கி எறிந்தது அப்பாதான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூடத் தெரியும்.

“போன தீபாவளிக்கு எனக்கு என்னா கலர் பாவாட எடுத்த?”

யோசித்தார். “செவப்பு.”

போன தீபாவளிக்குப் பாவாடையே இல்லை.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் பள்ளிக்கூடம் வரைக்கும் கைபிடித்து யார் வருவது? ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா தலைக்குப் பூ வைத்து, அவர் வரும் நேரம் பார்த்துக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். பாவம், ஏமாறுகிறாளே என்றிருந்தது.

“அம்மா, இது நம்ம அப்பா இல்ல. வேற ஆளு. அதுக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. மாமாகிட்ட சொல்லும்மா. இத புடிச்சிகினு போயி நம்ம அப்பாவக் கொண்டாந்து உட்ருவாங்க.”

அம்மாவின் கை நின்றது.

“அடிப்பாவி, வேணாம்டி. அந்த ஆளு அங்கியே இருக்கட்டும். எனக்கு இவரே போதும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். திரும்பினால் வாசலில் அவர், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு. எப்போது வந்தாரோ.

தூக்கைக் கீழே வைத்தார். வெளியே இருந்த தண்ணீர் டிரம்முக்கு அருகே போய்க் கால் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். முகத்திலும் அள்ளி அள்ளி அடித்துக்கொண்டார். களி ஆறிப்போயிற்று. அம்மா அவரைக் கூப்பிடவில்லை. என்னையும் கூப்பிட விடவில்லை.

இவர் வந்த கிரகத்தில் தண்ணீரே கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.